வெளிநாட்டு ராணுவம் கிளம்பணுமா, இருக்கணுமா? ஆக்கிரமிப்பு பத்தியும் படை வாபஸ் பத்தியும் எளிமையா ஒரு விளக்கம்

ஒரு நாட்டுக்குள்ள இன்னொரு நாட்டு ராணுவம் உட்கார்ந்திருக்குன்னு பேச்சு வந்தாலே ரெண்டு குரல் கேட்கும், ஒண்ணு "இன்னைக்கே கிளம்பு", இன்னொண்ணு "அவங்க கிளம்பிட்டா அங்க ரத்த ஆறு ஓடும்". முதல் ஆள் 2003ல அமெரிக்கா ஈராக்குக்குள்ள புகுந்ததைக் காட்டுவார், ரெண்டாவது ஆள் 2021ல அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பினப்போ காபூல் ஏர்போர்ட்ல நடந்ததைக் காட்டுவார், ரெண்டு பேர் காட்டுறதும் நடந்த விஷயம்தான். நான் கிளம்பணும்ங்கிற பக்கம், அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா யார்கூட பேசி முடிச்சுட்டு கிளம்புறாங்க, எந்த நிலைமையில விட்டுட்டுப் போறாங்க, போன பிறகு அவங்களுக்கு என்ன பொறுப்பு மிச்சம் இருக்கு, இதுலதான் அங்க இருக்குற ஜனங்களோட உசுரு மாட்டிக்கிட்டு இருக்குன்னு நினைக்கிறேன், அதனால அதைப் பத்தி கொஞ்சம் விரிவா பேசுவோம்.

முதல்ல ஆக்கிரமிப்புன்னா சட்டப்படி என்னன்னு பார்த்துடலாம். 1907ல ஹேக் நகரத்துல போட்ட போர் விதிகள்ல 42வது பிரிவு ரொம்ப நேரடியா இருக்கும்: ஒரு இடம் நிஜத்துலயே எதிரி ராணுவத்தோட அதிகாரத்துக்குக் கீழ வந்துடுச்சுன்னா அது ஆக்கிரமிக்கப்பட்ட இடம், அவ்வளவுதான். எதுக்கு வந்தாங்க, வந்தது நியாயமா அநியாயமாங்கிற கேள்வியே அதுல கிடையாது. அந்தக் கேள்விக்கு ஐநா சாசனம் தனியா இருக்கு, இன்னொரு நாட்டு மண்ணுக்கு எதிரா பலத்தைப் பயன்படுத்தக் கூடாதுன்னு அதோட 2வது பிரிவு சொல்லுது, தற்காப்புக்கும் பாதுகாப்பு கவுன்சில் அனுமதிக்கும் மட்டும் விலக்கு. இப்படி ரெண்டு சட்டத்தையும் பிரிச்சு வச்சதுக்கு நல்ல காரணம் இருக்கு, "நாங்க நல்லதுக்குத்தான் வந்தோம்"னு ஒரு ராணுவம் எத்தனை தடவை சொன்னாலும் அந்த ஊர் ஜனங்களுக்கு அது செய்ய வேண்டிய கடமை குறையாது.

இன்னொரு விஷயமும் இதுலயே இருக்கு, ஆக்கிரமிப்பு தற்காலிகம்ங்கிறதுதான் சட்டத்தோட அடிப்படையே. ராணுவம் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த மண்ணு அவங்களோடது ஆகாது. குவைத்தை ஈராக் 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி பிடிச்சுது, அன்னைக்கே பாதுகாப்பு கவுன்சில் 660ஆம் நம்பர் தீர்மானம் போட்டு எந்த நிபந்தனையும் இல்லாம உடனே வெளியேறுன்னுச்சு, அப்புறம் ஈராக் குவைத்தை தன்னோட மாகாணம்னு அறிவிச்சும் அது செல்லல. வடக்கு சைப்ரஸ்ல துருக்கி ராணுவம் 1974ல இருந்து இருக்கு, அங்க 1983ல தனி நாடுன்னு அறிவிச்சதை பாதுகாப்பு கவுன்சில் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, அரை நூற்றாண்டு தாண்டியும் துருக்கியைத் தவிர வேற எந்த நாடும் அதை அங்கீகரிக்கல.

சரி, வெளிநாட்டு ராணுவம் இருக்குற எல்லா இடமும் ஆக்கிரமிப்பான்னு கேட்டா, இல்ல. இன்னைக்கு ஜப்பான்லயும் ஜெர்மனியிலயும் அமெரிக்கப் படைத்தளம் இருக்கு, அது அந்தந்த அரசாங்கம் ஒப்புக்கிட்டு இருக்குறது. ஒப்புதல் இருந்தா சட்டக் கணக்கே மாறிடும். ஆனா யார் கொடுத்த ஒப்புதல்னு தோண்டிப் பார்க்கணும், ஏன்னா ஒப்புதலை உருவாக்கிக்கவும் முடியும். 1979 டிசம்பர்ல சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானுக்குள்ள நுழைஞ்சப்போ அந்த நாட்டு அரசாங்கம் கூப்பிட்டுதான் வந்தோம்னு மாஸ்கோ சொன்னது, ஆனா டிசம்பர் 27ஆம் தேதி அதே அரசாங்கத்தோட தலைவர் ஹஃபீஸுல்லா அமீனை சோவியத் படையே கொன்னுட்டு பப்ரக் கர்மாலைக் கொண்டு வந்து உட்கார வச்சுது. கூப்பிட்ட ஆளையே கொன்னுட்டு அழைப்பின் பேர்ல வந்தோம்னா அதை யார் ஒத்துக்குவா?

கொடுத்த ஒப்புதலை திரும்ப வாங்கிக்கவும் முடியும். 1987 ஜூலை 29ல ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனேவும் போட்ட ஒப்பந்தத்துல இந்திய அமைதிப்படை இலங்கைக்குள்ள போனது, 1989ல பிரேமதாசா ஜனாதிபதியா வந்து கிளம்புங்கன்னார், 1990 மார்ச் 24ல கடைசிப் பிரிவு கப்பல் ஏறிடுச்சு. சட்டப்படி பார்த்தா இது அழைச்சு வந்து, போகச் சொன்னதும் போன படை. ஆனா அந்தப் படை இருந்தது வடக்கு கிழக்குல, கையெழுத்து ஆனது கொழும்புல, யாருடைய தெருவுல ராணுவம் நின்னுச்சோ அவங்ககிட்ட யாரும் கேட்கல. 1987 அக்டோபர்ல யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நோயாளிங்களும் டாக்டருங்களும் நர்ஸுங்களும் சுட்டுக் கொல்லப்பட்டதை அனுபவிச்ச ஜனங்ககிட்ட போய் இது அழைப்பின் பேர்ல வந்த படைன்னு சொன்னா அவங்களுக்கு அதுல என்ன ஆறுதல் இருக்கும். அரசாங்கத்தோட ஒப்புதலும் ஜனங்களோட ஒப்புதலும் வேற வேறயா இருக்கலாம்ங்கிறதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, கீழ திரும்பவும் வரும்.

ஆக்கிரமிச்ச ராணுவத்துக்கு என்ன கடமைன்னா, ஹேக் விதிகள் 43வது பிரிவு ஊர்ல ஒழுங்கையும் பாதுகாப்பையும் காப்பாத்தணும், முடிஞ்ச வரைக்கும் அந்த நாட்டோட சட்டத்தையே மதிச்சு நடக்கணும்னு சொல்லுது. 1949ஆம் வருஷத்து நாலாவது ஜெனிவா ஒப்பந்தம் இன்னும் விவரமா போகும்: சாப்பாடு, மருந்து கிடைக்கிறதை உறுதி பண்ணணும், ஆஸ்பத்திரி ஓடணும், ஒருத்தன் செஞ்ச தப்புக்கு ஊரையே தண்டிக்கக் கூடாது, அந்த ஊர் ஜனங்களை வெளிய துரத்தக் கூடாது, தன் சொந்த ஜனங்களைக் கொண்டு வந்து அங்க குடியேத்தவும் கூடாது. கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம், ஏன்னா குடியேத்த ஆரம்பிச்சாங்கன்னா கிளம்புற எண்ணம் இல்லன்னு அர்த்தம், அப்புறம் "எங்க ஜனங்க இங்க இருக்காங்களே, அவங்களை எப்படி விட்டுட்டுப் போறது"ன்னு அதையே தங்குறதுக்குக் காரணமா காட்டுவாங்க. 2024 ஜூலை 19ல சர்வதேச நீதிமன்றம் பாலஸ்தீனப் பகுதிகள்ல இஸ்ரேல் தொடர்ந்து இருக்கிறதே சட்டவிரோதம், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிச்சுக்கணும்னு கருத்து சொன்னப்போ அதுல பெரிய பங்கு குடியேற்றங்களுக்கும், நிலத்தை நிரந்தரமா எடுத்துக்கிற போக்குக்கும்தான். நீதிமன்றத்தோட ஆலோசனைக் கருத்து நேரடியா யாரையும் கட்டிப்போடாது, ஆனாலும் அதுக்கு வெயிட் இருக்கு. நமீபியாவை விட்டு தென்னாப்பிரிக்கா போகணும்னு இதே கோர்ட் 1971ல சொன்னது, நமீபியா சுதந்திரம் அடைஞ்சது 1990 மார்ச் 21, பத்தொன்பது வருஷம் கழிச்சு. அந்தக் காலம் முழுக்க போராடினவங்க கையில அந்தக் கருத்து ஒரு ஆதாரமா இருந்துச்சு.

இப்ப கஷ்டமான பக்கத்துக்கு வருவோம், போனா நாடு சிதறிடும்ங்கிற வாதம். இதை நான் லேசா எடுத்துக்கல, ஏன்னா இதை சொல்றவங்கள்ல நிறைய பேர் அந்த நாட்டுக்காரங்கதான், பொண்ணுங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு இருந்தவங்க, சிறுபான்மையா இருக்குறவங்க, நாளைக்கு யார் கதவைத் தட்டுவாங்கன்னு பயந்து கிடக்குறவங்க. அவங்க பயம் நிஜம். ஆனா அந்த வாதத்துக்குக் காட்டுற உதாரணங்களை உள்ள போய்ப் பார்த்தா வேற ஒரு கதை தெரியும்.

ஈராக்கை எடுத்துக்கோங்க. அமெரிக்கப் படை 2011 டிசம்பர் 18ல கடைசியா வெளிய போனது, 2014 ஜூன்ல மொசூல் நகரம் ஐஎஸ் தீவிரவாத அமைப்பு கையில விழுந்துச்சு, அதனால போனதுதான் தப்புன்னு சொல்லுவாங்க. ஆனா அந்த வெளியேற்றத் தேதி 2008லயே, புஷ் ஆட்சியிலயே ஈராக் அரசாங்கத்தோட கையெழுத்தான ஒப்பந்தத்துல இருந்தது. கடைசி வண்டி எல்லை தாண்டின மறுநாள், டிசம்பர் 19ஆம் தேதி, பிரதமர் மாலிக்கியோட அரசாங்கம் சுன்னி தரப்பு துணை ஜனாதிபதி தாரிக் அல் ஹாஷிமிக்கு எதிரா கைது வாரண்ட் போட்டுச்சு. அடுத்த ரெண்டு வருஷம் சுன்னி பகுதிகள்ல போராட்டம், அடக்குமுறை, ராணுவத்துக்குள்ள ஊழல். பின்னாடி வந்த பிரதமர் அபாதி 2014 நவம்பர்ல கணக்கெடுத்துப் பார்த்தப்போ சம்பளப் பட்டியல்ல மட்டும் இருந்து ஆளா இல்லாத 50,000 ராணுவ வீரர்கள் தெரிய வந்தாங்க. இந்த ஓட்டையெல்லாம் 2011ல திடீர்னு விழுந்ததா? 2003 மே 23ல ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பின பிரெமர் ஒரே உத்தரவுல ஈராக் ராணுவத்தைக் கலைச்சப்பவே லட்சக்கணக்கான ஆயுதப் பயிற்சி எடுத்த ஆம்பளைங்க சம்பளம் இல்லாம, மரியாதை இல்லாம தெருவுக்கு வந்தாங்க, அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் சதாம் உசேனோட பாத் கட்சிக்காரங்களை அரசு வேலையில இருந்து தூக்கச் சொல்லி உத்தரவு போட்டிருந்தாரு. அந்த நாட்டுச் சட்டத்தையும் அமைப்பையும் முடிஞ்ச வரை மதிக்கணும்னு 43வது பிரிவு எதுக்கு சொல்லுதுன்னு இதைப் பார்த்தா புரியும். சிதறலுக்கு விதை போட்டது வந்த காலத்துல, அது வெளிய தெரிஞ்சது போன பிறகு.

இங்க ஒரு சின்ன விஷயம், ஆக்கிரமிப்பு முடிஞ்சுதுன்னு பேப்பர்ல அறிவிக்கிறதும் ராணுவம் நிஜமா போறதும் வேற. ஈராக்ல சட்டப்படி ஆக்கிரமிப்பு முடிஞ்சது 2004 ஜூன் 28, ஆனா அதுக்குப் பிறகும் லட்சத்துக்கு மேல வெளிநாட்டுப் படை அங்கயே இருந்துச்சு, புது அரசாங்கத்தோட ஒப்புதல்ல இருக்கோம்னு சொல்லிக்கிட்டு. காஸாவுல நேர் எதிர், 2005ல இஸ்ரேல் படையும் குடியேற்றமும் உள்ள இருந்து வெளிய வந்துச்சு, ஆனா வானம், கடல், எல்லைக் கதவு எல்லாம் கையில வச்சுக்கிட்டா ஆக்கிரமிப்பு முடிஞ்சுதுன்னு எப்படி சொல்றதுன்னு கேள்வி எழுந்து, கடமைகள் தொடருதுன்னுதான் அந்த 2024 கருத்துலயும் வந்துச்சு. பூட்ஸ் காலு இருக்கான்னு மட்டும் பார்த்தா பத்தாது.

ஆப்கானிஸ்தான் இன்னும் நிறைய சொல்லித் தருது, ஏன்னா ஒரே நாட்டுல ரெண்டு தடவை வாபஸ் நடந்திருக்கு. சோவியத் படை 1989 பிப்ரவரி 15ல ஆமு தரியா பாலத்தைத் தாண்டிப் போனது, மாஸ்கோ ஆதரிச்ச நஜிபுல்லா அரசாங்கம் சில மாசத்துல விழுந்துடும்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க. விழல. அதே வருஷம் ஜலாலாபாத்தைப் பிடிக்க வந்த முஜாஹிதீன் கிளர்ச்சிப் படைகளைத் தடுத்து நிறுத்தி, 1992 ஏப்ரல் வரைக்கும் மூணு வருஷத்துக்கு மேல தாக்குப் பிடிச்சுது. காரணம் மாஸ்கோ ஆளை எடுத்துக்கிட்டாலும் எரிபொருள், கோதுமை, ஆயுதம், பணம் எல்லாம் அனுப்பிட்டே இருந்தது, சோவியத் யூனியனே கலைஞ்சு அது நின்ன பிறகுதான் அரசாங்கம் சரிஞ்சுது. 2001ல உள்ள வந்த அமெரிக்காவோட வாபஸ்ல நடந்தது வேற. 2020 பிப்ரவரி 29ல தோஹாவுல அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்து போட்டாங்க, ஆப்கன் அரசாங்கம் அந்த ஒப்பந்தத்துல தரப்பாவே இல்ல, ஆனா அந்த அரசாங்கத்தோட சிறையில இருந்த 5,000 தாலிபான் கைதிங்க வரைக்கும் விடுவிக்கப்படுவாங்கன்னு அதுல எழுதியிருந்தது. யோசிச்சுப் பாருங்க, உங்க வீட்டுப் பிரச்சினையை உங்களை வெளிய நிக்க வச்சுட்டு வேற ரெண்டு பேர் பேசி முடிச்சா அப்புறம் ஊர்ல யார் உங்களை மதிப்பாங்க, கிராமத்துல காவல் நிக்குற சிப்பாய் இவங்களுக்காக உசுரை விடணுமான்னு யோசிக்க மாட்டானா. அதுக்கும் மேல, ஆப்கன் விமானப்படையைப் பராமரிச்சதே வெளிநாட்டு கான்ட்ராக்டர்கள், படையோட அவங்களும் கிளம்பினதும் விமானங்களை ஓட்ட முடியாம போச்சு. 2021 ஆகஸ்ட் 15ல காபூல் தாலிபான் கையில விழுந்தப்போ ஏர்போர்ட்ல அமெரிக்கப் படை இன்னும் இருந்துச்சு. இருபது வருஷமா தானா நிக்க முடியாத ஒரு ராணுவத்தைக் கட்டியிருக்காங்கன்னா, இன்னும் அஞ்சு வருஷம் இருந்திருந்தா நின்னுருக்கும்னு சொல்ல என்ன ஆதாரம் இருக்கு? தங்குற ஒவ்வொரு வருஷமும் அந்த சாய்மானம் கூடிக்கிட்டே போகும், உள்ளூர் அரசாங்கம் தன் ஜனங்களைப் பார்க்கிறதை விட்டுட்டு வெளிநாட்டு எம்பஸியைப் பார்த்துக்கிட்டு இருக்கும், எதிர்க்கிறவனுக்கோ "அந்நியனை விரட்டுறேன்"ங்கிற ஒரு வரி போதும் ஆள் சேர்க்க. இதனாலதான் நான் கிளம்பணும்ங்கிற பக்கம் நிக்கிறேன்.

உடனே ஜெர்மனியையும் ஜப்பானையும் காட்டுவாங்க, தங்கி உருப்படியாக்கலையான்னு. ஜப்பான் ஆக்கிரமிப்பு 1945ல ஆரம்பிச்சு 1952 ஏப்ரல் 28ல முடிஞ்சுது, ஏழு வருஷம் கூட இல்ல. அங்க சரணடைஞ்சது நாட்டோட அரசாங்கமே, பேரரசரும் நிர்வாக இயந்திரமும் அப்படியே இருந்துச்சு, ஆக்கிரமிப்பு அது வழியாத்தான் ஆட்சி நடத்துச்சு. ஜப்பானோட ஒகினாவா தீவு மட்டும் 1972 வரைக்கும் அமெரிக்க ஆட்சியில இருந்தது, இன்னைக்கும் அங்க தளங்களுக்கு எதிரா ஜனங்க போராடிக்கிட்டுத்தான் இருக்காங்க, அதை இந்த வெற்றிக் கதையில யாரும் சேர்த்துக்கிறதில்ல. எனக்கு அதைவிட பொருத்தமா படுறது ஆஸ்திரியா. 1945ல நாலு வல்லரசு பங்கு போட்டு உட்கார்ந்த நாடு, ஆனா ஆரம்பத்துலயே முழு நாட்டுக்கும் ஒரே அரசாங்கம் இருந்துச்சு, அந்த வருஷமே தேர்தலும் நடந்துச்சு. பத்து வருஷம் பேசிப் பேசி 1955 மே 15ல ஒப்பந்தம், அக்டோபருக்குள்ள எல்லாப் படையும் வெளிய, அக்டோபர் 26ல எந்த ராணுவக் கூட்டணியிலயும் சேர மாட்டோம்னு நடுநிலைச் சட்டம். போற எல்லாருக்கும் இந்த நாடு எதிராளி கைக்குப் போயிடாதுன்னு உறுதி கிடைச்சது, இருக்குற ஜனங்களுக்கு தாங்க தேர்ந்தெடுத்த ஆட்சி கிடைச்சது. சீக்கிரமா நடந்த உதாரணம் வேணும்னா வங்கதேசம், 1971 டிசம்பர் 16ல பாகிஸ்தான் படை இந்திய-வங்கதேசக் கூட்டுப் படைகிட்ட சரணடைஞ்சுது, வங்கதேசத் தலைவர் முஜிபுர் ரஹ்மான் ஜனவரியில திரும்பி வந்தார், இந்தியப் படையைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லி இந்திரா காந்திகிட்ட கேட்டார், மார்ச்லயே படை கிளம்பிடுச்சு. ஜனங்க ஏத்துக்கிட்ட ஒரு தலைமை அங்க ஏற்கனவே இருந்ததுதான் வித்தியாசம்.

அப்ப அந்த ஜனங்ககிட்டயே கேட்டுடலாமே, ஓட்டெடுப்பு வைக்கலாமேன்னு தோணும். நல்ல யோசனைதான், ஆனா துப்பாக்கி யார் கையில இருக்குறப்போ கேட்கிறாங்கங்கிறது எல்லாத்தையும் மாத்திடும். 2022 செப்டம்பர்ல உக்ரைனோட நாலு பகுதியில ரஷ்ய ராணுவம் நிக்கிறப்பவே ஓட்டெடுப்புன்னு ஒண்ணு நடந்துச்சு, ஐநா பொதுச்சபையில 143 நாடுங்க அதை செல்லாதுன்னு சொன்னாங்க. கிழக்கு திமோர்ல ஓட்டை ஐநா நடத்துச்சு, அதனால அது நேர்மையா நடந்துச்சு. 1975ல இந்தோனேசியா பிடிச்ச நாடு, 1999 ஆகஸ்ட் 30ல கிட்டத்தட்ட 78.5 சதவீதம் பேர் தனியா போறோம்னு ஓட்டு போட்டாங்க, இருபத்தி நாலு வருஷ அடக்குமுறைக்குப் பிறகும். ஆனா ஓட்டு நடக்கிற காலத்துக்கான பாதுகாப்பை ஒப்பந்தத்துல இந்தோனேசியா கையிலயே விட்டிருந்தாங்க, ரிசல்ட் வந்ததும் இந்தோனேசிய ராணுவத்தோட ஆதரவுல இருந்த ஆயுதக் கும்பல்கள் ஊர் ஊரா எரிச்சுது, ஆயிரத்துக்கும் மேல கொலை, லட்சக்கணக்குல ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. செப்டம்பர் 20ல ஆஸ்திரேலியா தலைமையில சர்வதேசப் படை வந்த பிறகுதான் அடங்குச்சு, அப்புறம் ஐநா நிர்வாகம், 2002 மே 20ல சுதந்திரம். இதுல இருந்து நான் எடுத்துக்கிறது, ஆக்கிரமிச்சவன் போறதும் அந்த இடத்துக்கு பொதுவான ஒரு பாதுகாப்பு வர்றதும் ஒரே நேரத்துல நடக்கணும், நடுவுல மூணு வாரம் இடைவெளி விட்டா அந்த மூணு வாரத்துல சாகுறது ஓட்டு போட்ட ஜனங்கதான்.

கடைசியா ஒண்ணு, வாபஸ் பத்தின பேச்சுல பெரும்பாலும் விட்டுப் போறது. ராணுவம் போகும், அதுகூட வேலை பார்த்த மொழிபெயர்ப்பாளர், டிரைவர், கிளார்க், உள்ளூர் போலீஸ், இவங்க அங்கயேதான் இருப்பாங்க. 2000 மே மாசம் தெற்கு லெபனானை விட்டு இஸ்ரேல் கிளம்பினப்போ அது வளர்த்த உள்ளூர் படை ஒரு சில நாள்ல கலைஞ்சு, ஆயிரக்கணக்கான பேர் குடும்பத்தோட எல்லை தாண்டி ஓடினாங்க, மிச்சம் பேர் விசாரணைக்கும் சிறைக்கும் போனாங்க. 2021ல காபூல்ல லட்சத்துக்கு மேல ஆளுங்களை விமானத்துல ஏத்தினாங்க, அப்படியும் விசாவுக்கு வருஷக்கணக்கா காத்திருந்த நிறைய பேர் கேட்டுக்கு வெளியவே நின்னாங்க, அந்தக் கூட்டத்துல ஆகஸ்ட் 26ல குண்டு வெடிச்சு கிட்டத்தட்ட 170 ஆப்கன் ஜனங்க செத்தாங்க. வாபஸ் தேதி முடிவான அன்னைக்கே இவங்க பட்டியல், விசா, போக்குவரத்து எல்லாம் ஆரம்பிச்சிருக்கணும், கடைசி ரெண்டு வாரத்துல பண்ற வேலை இல்ல இது. புதைச்ச கண்ணிவெடியும் அப்படித்தான், சோவியத் போர்க் காலத்துல புதைச்சது ஆப்கன்ல இன்னும் ஆடு மேய்க்கிற பசங்க காலை எடுத்துக்கிட்டு இருக்கு. எங்க புதைச்சோம்ங்கிற மேப்பைக் கொடுக்கறதும், எடுக்கிறதுக்கு காசு கொடுக்கறதும் போறவங்க கடன்.

அடுத்த தடவை எந்த நாட்டைப் பத்தியாவது "படை வாபஸ் ஒப்பந்தம்"னு நியூஸ் வந்தா தேதியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி யார் யார் கையெழுத்து போட்டிருக்காங்கன்னு பாருங்க, அந்த நாட்டு ஜனங்க ஏத்துக்கிட்ட ஆளு அதுல இருக்காரா, வானமும் எல்லையும் யார் கையில போகுது, படை கிளம்புற வாரத்துல அந்த ரோட்டுல காவல் நிக்கப் போறது யாரு, அவங்களுக்கு அடுத்த மாசம் சம்பளம் எங்க இருந்து வருது. இதுக்கெல்லாம் பதில் ஒப்பந்தத்துல எழுதியிருக்கான்னு தேடுங்க, இல்லன்னா கிளம்பாதேன்னு சொல்லாதீங்க, அதை எழுதிட்டு கிளம்புன்னு கேளுங்க.